முகம் திருப்பிய செசிலியா

ரோம் நகரத்துக் கோயில்களில் புனிதர்களின் சிலைகள் பெரும்பாலும் மேலேதான் பார்க்கின்றன. பார்வை கூரையைத் தாண்டி எங்கோ நிற்கும், வாய் சற்றே திறந்திருக்கும், காற்றே இல்லாத இடத்தில் ஆடை படபடக்கும். பதினேழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் சலவைக்கல்லைப் பறக்க வைத்தவர்கள். அவர்களில் ஒருவரான பெர்னினி செதுக்கிய புனித தெரசாவைப் பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள், நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் என்னைத் தரையில் உட்கார வைத்த சிலை வேறு. அது மேலே பார்ப்பதில்லை. யாரையுமே பார்ப்பதில்லை. தைபர் ஆற்றின் அக்கரையில் த்ராஸ்தேவெரே என்ற பகுதி. அங்கே புனித செசிலியா கோயில். அதன் பீடத்துக்கு அடியில், வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறது அந்தச் சிலை. உடல் நம் பக்கம் இருக்கிறது. முகம் இல்லை. செதுக்கியவர் ஸ்தெஃபானோ மதேர்னோ. முடித்தது 1600-ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது சுமார் 24.

நான் கருங்கல்லில் கை பழகியவன். மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரிப் படிப்பு, பிறகு பட்டறை. அம்மன், பிள்ளையார், தூண், யாளி என்று கோயில் வேலைதான் பெரும்பாலும். சலவைக்கல் பழக வேண்டும் என்ற ஆசையில் இத்தாலிக்குப் போனேன். கர்ராரா மலைகளுக்குத் தெற்கே பியேத்ராசாந்தா என்று ஒரு சிற்றூர். ஊர் முழுக்கக் கல் பட்டறைகள். நான் சேர்ந்த பட்டறையில் இருந்த முதிய கல்தச்சர், நான் துணி மடிப்பு செதுக்குவதைச் சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் சொன்னார்: பெர்னினியிடம் பிறகு போகலாம், முதலில் த்ராஸ்தேவெரேக்குப் போய்ச் செசிலியாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு வா. முகத்தைச் சொல்லவில்லை, கையைச் சொல்லவில்லை. முழங்காலைத்தான் சொன்னார்.

கோயிலுக்கு முன்னால் ஒரு முற்றம், நடுவில் பழைய கல் தொட்டி, சுற்றிச் செடிகள். உள்ளே நுழைந்தால் வெள்ளைச் சுண்ண வேலையின் வெளிச்சம் கண்ணைக் கூசும். அது பிற்காலத்தார் செய்தது, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்பதிப்பு ஓவியம். அதில் திருத்தந்தை முதலாம் பாஸ்கால் தன் தலைக்குப் பின்னால் சதுர ஒளிவட்டத்தோடு நிற்கிறார். உயிரோடு இருப்பவருக்கு அப்போது சதுரம்தான் போடுவார்கள். கலிஸ்து சுரங்கக் கல்லறையிலிருந்து செசிலியாவின் உடலை 821-ல் இங்கே கொண்டுவந்தவர் அவர். பீடத்தின் மேல் அர்னோல்ஃபோ தி காம்பியோ 1293-ல் செய்த கல் விதானம். இவ்வளவுக்கும் கீழே, கறுப்புக் கல் சூழ்ந்த ஒரு மாடம். திறந்த கல்லறை போலவே அமைத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக அவள்.

நின்றுகொண்டு பார்த்தால் பாதிதான் தெரியும். குனிய வேண்டும். இன்னும் நன்றாகப் பார்க்க மண்டியிட வேண்டும். அதனால் வணங்க வந்தவரும் வேடிக்கை பார்க்க வந்தவரும் அங்கே ஒரே நிலையில்தான் இருப்பார்கள்.

ஆள் அளவைவிடச் சற்றுச் சிறிய உருவம். முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கின்றன. இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, மணிக்கட்டில் தளர்ந்து, தரையில் கிடக்கின்றன. தலை மட்டும் உடல் திரும்பிய திசைக்கு எதிராகத் திரும்பி, தரையை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. தலையைச் சுற்றித் துணி. துணிக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து திறந்திருக்கிறது, அங்கே ஒரு வெட்டு. மெல்லிய கோடுதான். ஆழமாகக் காட்டவில்லை, சதையைப் பிளந்து காட்டவில்லை. சிலை முழுவதிலும் உளி கோபமாகப் பட்ட ஒரே இடம் அது. அங்கேயும் ஒரே ஒரு இழுப்பு.

முதியவர் சொன்ன முழங்காலைப் பார்த்தேன். மேல் முழங்கால் கீழ் முழங்காலின் மேல் சரிந்து இறங்கும் இடத்தில் துணி இரண்டுக்கும் நடுவே உள்வாங்குகிறது. அந்தப் பள்ளத்தில் துணிக்கு அடியில் கால் எங்கே முடிகிறது, அடுத்த கால் எங்கே தொடங்குகிறது என்று நம்மால் தடவாமலே சொல்ல முடியும். இதைக் கருங்கல்லில் செய்ய முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் ஆடையை உடலின் மேல் கோடுகளாக இடுகிறோம்; உடல் முந்தி, ஆடை பிந்தி. இங்கே ஆடையைத்தான் செதுக்கியிருக்கிறார், உடல் தானாக வந்துவிடுகிறது. ஆழமான மடிப்புகளுக்குத் துரப்பணத்தால் வரிசையாகத் துளை போட்டு, நடுச் சுவர்களை உடைத்து, பிறகு பல் உளியால் சமன் செய்வது சலவைக்கல் வேலையில் வழக்கம். அவசரக்காரன் வேலையில் அந்தத் துளைகளின் தடம் மடிப்பின் அடியில் எங்காவது மிஞ்சும். எட்டிப் பார்த்த வரையில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மடிப்பின் விளிம்பு ஒவ்வொன்றும் மெலிந்து, வெளிச்சத்தை உள்ளே விடும் அளவுக்கு வந்து நிற்கிறது.

என் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரீ வந்து மண்டியிட்டார். செபம் முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி தமிழா?" என்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ரோமில் இறையியல் படித்துக்கொண்டிருந்தார்.

"கையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "வலக்கையில மூணு விரல் நீட்டியிருக்கு, இடக்கையில ஒண்ணு. மூவொரு கடவுள். வாய் திறக்க முடியாத நேரத்துல விரலால விசுவாசத்தைச் சொல்லிட்டுப் போனாங்கன்னு சொல்லுவாங்க."

"நீங்க சொன்னதுக்கு அப்புறந்தான் சிஸ்டர் விரலை எண்ணுறேன். இதுவரை மணிக்கட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"அதுவும் பாக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். "எங்க ஊர்ல நவம்பர் இருபத்திரண்டு வந்தா பாடகர் குழுவுக்குத் திருவிழா தம்பி. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ அன்னைக்குத்தான் புதுப் பாவாடை. ஆனா எங்க படத்துல செசிலியம்மா ஆர்கன் வாசிச்சுக்கிட்டு இருப்பாங்க. இங்க வந்து இதைப் பாத்ததும் அழுதுட்டேன்."

அவர் சொன்னது உண்மை. செசிலியா இசைக்குக் காவல் புனிதை. ரோமின் பெயர் பெற்ற இசைக் கழகம் 1585-ல் தோன்றியபோது அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பழைய தியாக வரலாறு, அவருடைய திருமணத்தில் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மனத்துக்குள் இறைவனைப் பாடிக்கொண்டிருந்தார் என்கிறது. அந்த ஒரு வரியிலிருந்து ஓவியர்கள் அவர் கையில் ஆர்கனைக் கொடுத்துவிட்டார்கள். போலோன்யாவில் உள்ள ரஃபேலின் ஓவியத்தில் அவர் காலடியில் வாத்தியங்கள் உடைந்து கிடக்கின்றன. மதேர்னோ வாத்தியத்தைத் தொடவே இல்லை. அவர் எடுத்துக்கொண்டது கதையின் முடிவை. செசிலியாவை அவர் வீட்டுக் குளியலறையிலேயே அடைத்து நீராவியில் மூச்சுத் திணறடிக்கப் பார்த்தார்களாம், சாகவில்லை. பிறகு வாள் வந்தது. மூன்று முறை வெட்டியும் தலை துண்டாகவில்லை. நான்காவது வெட்டுக்குச் சட்டம் இடம் தராது. மூன்று நாள் அப்படியே கிடந்து உயிர் விட்டார். கோயிலின் வலப்பக்கச் சிற்றாலயத்தில் பழைய ரோமானியக் குளியலறையின் மிச்சங்களை இன்றும் காட்டுகிறார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மூன்று நாள்தான் சிலைக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். விழுந்த கணம் அது இல்லை. விழுந்து வெகுநேரம் ஆன உடல் அது.

சிலை பிறந்த கதை கோயிலைப் பழுது பார்த்ததில் தொடங்குகிறது. கோயிலுக்குப் பொறுப்பான கர்தினால் பவுலோ எமிலியோ ஸ்ஃபோந்திராத்தி, 1600-ஆம் ஆண்டு யூபிலிக்காக வேலை நடத்திக்கொண்டிருந்தார். 1599 அக்டோபர் 20 அன்று பீடத்தடியில் கற்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சைப்ரஸ் மரப் பேழை, அதற்குள் அழியாத உடல் என்றார்கள்: ஒருக்களித்துப் படுத்தபடி, பட்டுத் திரை போர்த்தி, திரைக்கு அடியில் பொன் இழை மின்ன. மரியாதை கருதி யாரும் ஆடையை விலக்கவில்லை. திருத்தந்தை எட்டாம் கிளமென்ட் அப்போது கீல்வாதத்தோடு ஃப்ராஸ்காத்தியில் இருந்தார். வரலாற்றாசிரியரான கர்தினால் பரோனியுஸை அனுப்பிவைத்தார். சுரங்கக் கல்லறைகளை ஆராய்ந்த அந்தோனியோ போசியோ எல்லாவற்றையும் எழுதி வைத்தார். நவம்பர் 22 அன்று, செசிலியாவின் திருநாளிலேயே, திருத்தந்தை முன்னிலையில் வெள்ளிப் பேழைக்குள் வைத்து மறுபடி அடக்கம் செய்தார்கள். அதற்குள் ரோமே அங்கே திரண்டுவிட்டது.

இதே ஊர் அந்த ஆண்டு செப்டம்பரில் இன்னொரு இடத்தில் திரண்டிருந்தது. செப்டம்பர் 11 அன்று சாந்தாஞ்செலோ பாலத்தருகே பெயாத்ரிச்சே சென்சி என்ற இளம்பெண்ணின் தலையை வெட்டினார்கள். கொடுமைக்காரத் தகப்பனைக் கொன்ற குற்றத்துக்கு அவளுக்கும் சித்திக்கும் அண்ணனுக்கும் மரண தண்டனை. தகப்பன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்கே தெரியும். மன்னிப்புக் கேட்டு வந்தவர்களைக் கிளமென்ட் ஏற்கவில்லை. உடலைத் தூக்கிப்போய் சான் பியேத்ரோ இன் மோந்தோரியோ கோயிலில் புதைத்தார்கள். செசிலியா கோயிலிலிருந்து மேடேறிப் போனால் அந்தக் கோயில் வந்துவிடும். நான் நடந்து போனேன். ஆறு வாரம்கூட ஆகாத இடைவெளியில், வெட்டுப்பட்ட கழுத்தோடு இரண்டு இளம்பெண்களை ஒரு நகரம் பார்த்திருக்கிறது. ஒருத்தியைக் கொலைமேடையின் மேலே, மற்றவளைப் பீடத்தின் கீழே. இரண்டையும் சேர்த்து வைப்பது என் மனம்தான். ஆனால் மலை மேலிருந்து த்ராஸ்தேவெரேயின் ஓட்டுக் கூரைகளைப் பார்த்தபோது, செசிலியாவின் கழுத்துக் கோடு ஏன் அத்தனை அடக்கமாக இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது போல இருந்தது. அந்த ஆண்டு ரோம்காரர்களுக்கு வெட்டுக் காயத்தை விளக்கிக் காட்டத் தேவையே இருக்கவில்லை.

சிலைக்கு முன்னால் ஒரு லத்தீன் வாசகம் உண்டு. தன்மையில் பேசுகிறது: புனிதை கல்லறையில் முழுமையாகக் கிடந்ததை நானே கண்டேன், அதே நிலையில் உனக்காக இந்தச் சலவைக்கல்லில் வடித்திருக்கிறேன் என்ற பொருளில். கோர்ட்டில் கூண்டேறிச் சொல்லும் சாட்சியின் குரல் அது. அறிஞர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். போர்த்தியிருந்த உடலில் மதேர்னோ எதைப் பார்த்திருக்க முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உடல்களைச் செதுக்குபவன் என்ற முறையில் என்னிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்த மணிக்கட்டு எங்கோ பார்த்த மணிக்கட்டு. உயிரோடு தூங்குபவரின் கையில் விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். இங்கே கை முழுக்க எடையாகக் கிடக்கிறது. பிணத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். கல்லறையில் கிடந்த செசிலியாவையோ, அந்த நகரத்தின் தெருவில் கிடந்த வேறு யாரையோ.

முகத்தை மறைத்தது எப்படித் தோன்றியிருக்கும் என்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். உடல் கிடந்த நிலை அப்படி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மாடத்தில் வைக்கும்போது தலையை நம் பக்கம் சற்றே திருப்பிவிட எந்தச் சிற்பிக்கும் கை துறுதுறுக்கும். புனிதையின் முகத்தைக் காட்டத்தானே காசு கொடுக்கிறார்கள்? மதேர்னோ தொழிலைத் தொடங்கியது பழைய ரோமானியச் சிலைகளைப் பழுது பார்ப்பதில். மண்ணுக்குள்ளிருந்து தலையில்லாமல், கையில்லாமல் வெளிவரும் உடல்களுக்குப் புதுத் தலையும் கையும் செய்து ஒட்டும் வேலை அது. தலையில்லாத உடலோடு நாள் முழுக்க இருக்கிறவனுக்கு ஒன்று பிடிபட்டுவிடும்: தோளும் இடுப்பும் முழங்காலும் சரியாக இருந்தால், ஆள் யார், என்ன ஆயிற்று என்று உடலே சொல்லிவிடும். ஒட்டுத் தலை பல நேரம் அதைக் கெடுக்கத்தான் செய்யும். இது என் ஊகம், ஆனால் இதை நான் உறுதியாக நம்புகிறேன். தலை செய்து ஒட்டுவதே பிழைப்பாக இருந்த இளைஞன், தன் கைக்கு முதல் பெரிய வேலை வந்தபோது, தலையைத் திருப்பி வைத்துவிட்டான்.

எங்கள் தொழிலில் கண் திறப்பதுதான் கடைசி. எல்லா வேலையும் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்து ஸ்தபதி விழியைத் திறப்பார். அதுவரை அது கல், அதன் பிறகு தெய்வம். கை கால் உடைந்தால் பின்னம் என்று ஒதுக்கிவிடுவோம், பூசைக்கு ஆகாது. அப்படி வளர்ந்தவன் கண்ணே காட்டாத, கழுத்து வெட்டுண்ட ஓர் உருவத்துக்கு முன்னால் மக்கள் மெழுகுவத்தி ஏற்றுவதைப் பார்த்தபோது, என் பயிற்சி முழுவதும் எனக்குள் முரண்டு பிடித்தது. ஆனால் மண்டியிட்டிருந்த முழங்கால் எழுந்திருக்க மறுத்தது. பார்வையால் அருள் தருவது ஒரு வழி. தன்னைப் பார்க்கும்படி கேட்காமலே நம்மை இருக்க வைப்பது இன்னொரு வழி என்று அங்கேதான் கண்டேன்.

அன்று மாலையே சிஸ்டர் சொன்னபடி சான் ஃபிரான்செஸ்கோ ஆ ரீப்பா கோயிலுக்குப் போனேன். அதே த்ராஸ்தேவெரேயில், நடை தூரத்தில், படுத்திருக்கும் இன்னொரு சலவைக்கல் பெண்: பெர்னினியின் லுதோவிக்கா அல்பெர்தோனி. எழுபது வயது தாண்டிய பெர்னினி 1671-க்கும் 1674-க்கும் இடையில் செய்தது. தலை பின்னுக்குச் சரிந்து, வாய் திறந்து, கை மார்பைப் பற்றி, மெத்தையே கசங்கியிருக்கிறது. பக்கவாட்டில் மறைத்து வைத்த சன்னலிலிருந்து வெளிச்சம் அவள் மேல் விழுகிறது. கல் வேலையில் அதற்கு மேல் ஒன்று இருக்க முடியாது. கிழவரின் கை நடுங்கவே இல்லை. ஆனாலும் அங்கே எனக்கு ஏதோ கூச்சமாக இருந்தது. ஒருவருடைய சாவை, அல்லது பரவசத்தை, அவருக்குத் தெரியாமல் எட்டிப் பார்ப்பது போல. மதேர்னோ அந்தக் கூச்சத்தை நமக்கு வைக்கவில்லை. இரண்டில் எது பெரிய சிற்பம் என்று கேட்டால் கல்தச்சனாக லுதோவிக்கா என்பேன். எதன் முன்னால் மறுபடி போய் உட்கார்வாய் என்று கேட்டால் பதில் வேறு.

மறுநாள் காலையில் மீண்டும் செசிலியா கோயிலுக்குப் போனேன். ஒட்டினாற்போல் பெனடிக்டின் கன்னியர் மடம் இருக்கிறது. அவர்களுடைய பாடகர் மாடத்தில் பியேத்ரோ கவல்லீனி 1293 வாக்கில் தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியம். 1900-ல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அதன் தேவதூதர்களின் சிறகு நிறங்களுக்காகவே தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். மணி அடித்தால் கதவு திறக்கும் சகோதரிகளிடம் இன்னொரு வேலையும் உண்டு. சனவரி 21 அன்று மந்திரிக்கப்படும் ஆட்டுக்குட்டிகளின் கம்பளியிலிருந்து, பேராயர்கள் கழுத்தில் அணியும் பால்லியம் என்னும் வெள்ளைப் பட்டையை நெய்வது இந்த மடத்தின் மரபு. மதுரைக்கும் சென்னை-மயிலைக்கும் போகும் பால்லியங்களுக்கு நூல் இங்கிருந்துதான் என்று சிஸ்டர் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

செசிலியாவுக்குப் பிறகு ரோமில் படுத்த நிலைத் தியாகிகள் பலர் வந்தார்கள். மெங்கினியின் மார்த்தினா, ஜொர்ஜெத்தியின் செபஸ்தியான் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மதேர்னோ மட்டும் இதைப் போல் இன்னொன்று செய்யவில்லை. தேவாலயங்களுக்குச் சிலைகளும் புடைப்புச் சிற்பங்களும் செய்தார், எல்லாம் ஒழுங்கான வேலை. பிறகு ஒரு பிரபு, வேலையில் மகிழ்ந்து, ரிப்பெத்தா படகுத்துறையின் சுங்க அலுவலில் அவருக்கு நல்ல பதவி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல அவரைக் கல்லிலிருந்து இழுத்துக்கொண்டது. 1636-ல் ரோமிலேயே இறந்தார். அந்தச் சுங்கச்சாவடி மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். இருபது சொச்சம் வயதில் முழங்காலை அப்படிச் செதுக்கியவன் மூட்டைகளுக்கு வரி எழுதிக்கொண்டிருந்தான் என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் தவறாமல் வரும் காசு ஒரு கல்தச்சன் வீட்டில் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் என்னோடு உளி பிடித்தவர்கள் பலர் இப்போது கடற்கரைச் சாலை விடுதிகளில் காவல் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலருக்கு என்னைவிட நல்ல கை.